எந்தக் கை

"ஆன்டனி! ஆன்டனி ஏ!"
வார்டுபாய் கூப்பிடுகிறான்.
ஃபைலில் இருப்பது அந்தோணியம்மாள்.
சீட்டில் இடம் போதாமல் அம்மாளை நறுக்கிவிட்டார்கள்.
எழுந்து போகிறேன், மொட்டைத் தலையும்
ஒரு பக்கம் தட்டையான நெஞ்சுமாக.
அவன் என்னைப் பார்க்கிறான், சீட்டைப் பார்க்கிறான்,
சரிதான் என்று டிக் போடுகிறான்.

பரேலில் மே கடைசி.
மேம்பாலத்தடியில் நீலத் தார்ப்பாய்
மீட்டர் கணக்கில் போகிறது.
பத்து நாளில் மழை. மழையோடு காய்ச்சல்.
எங்கள் தாராவிச் சந்தில் ஒருவர் இருமினால்
ஏழாவது வீட்டிலிருந்து "தண்ணி குடி" என்று குரல் வரும்.
அதற்குள் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்,
நாலாவது கீமோவுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே.
தாதரில் ஃபாஸ்ட் லோக்கல் நிற்கிற நேரம்தான்.
ஏறினால் ஏறியதுதான்.

"எந்தக் கை?"
சிஸ்டர் இந்தியில் கேட்கிறாள்.
எல்லோரிடமும் கேட்பதுதான்.
எனக்கு மட்டும் கணக்குப் பரீட்சை.
இடது அக்குளில் முடிச்சுகளைத் தோண்டி எடுத்தாயிற்று.
அந்தக் கையில் ஊசி ஆகாது, பி.பி. பட்டை ஆகாது,
கொசு கடித்தால்கூடச் சொல்ல வேண்டும்.
வலது கையில்
சிவப்பு மருந்து ஓடி ஓடி நரம்பெல்லாம்
காய்ந்த கொடிக்கயிறு.
"நரம்பு வேண்டாம், சதை போதும்" என்கிறாள்.
சதை.
அது கொஞ்சம் இருக்கிறது.

உள்ளே போவது செத்த கிருமியின் துண்டுதானாம்.
ஸ்டேஷன் சுவரில் ஒட்டுகிற திருடன் படம் போல:
முகத்தைப் பார்த்துக்கொள், வந்தால் பிடி.
பிடிக்க ஆள்?
வெள்ளையணு இரண்டாயிரத்து நூறு என்றது நேற்றைய ரிப்போர்ட்.
வேலை செய்யுமா என்று கேட்டிருந்தேன்.
டாக்டர் பொய் சொல்ல வராதவர்.
"பாதி செய்யலாம். அதனால்தான்
கூட இருக்கிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும்."

கூட இருந்தவர் கதவைப் பார்த்தார்.
பெயர் ஆரோக்கியம்.
இருபத்தாறு வருடமாக பெஸ்ட் பஸ் ஓட்டுகிறார்.
சயான் சிக்னலில் லாரிக்காரனைக் கீழே இறக்கி அடித்திருக்கிறார்.
ஊசி மட்டும் ஆகாது.
நாலு கீமோவிலும் என் தலைமாட்டில் உட்கார்ந்து
ஜன்னலுக்கு வெளியே ஒரே புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இது ஜன்னல் இல்லாத அறை.
கண்ணை மூடி என் கையை இறுக்கிப் பிடித்தார்.
இடது கை.
சட்டென்று ஞாபகம் வந்து, விட்டுவிட்டு,
வேறு பிடி தேடி
சுண்டுவிரலை மட்டும் பற்றிக்கொண்டார்,
கூட்ட பஸ்ஸில் கடைசியாய் ஏறியவன் மாதிரி.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை. குழாயடி.
மங்களாபாய் வாளியை நிரப்பிவிட்டுத் தூக்காமல் நிற்கிறாள்.
"கை வரல."
ஏன்?
"சும்மா. ஊசி."
இவர் தண்ணீர் வரிசையில் நின்று உளறியிருக்கிறார்.
ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.
அவள் ஒரு வீட்டில் ஒரு மாதம்
பாத்திரம் துலக்குகிற கூலி.
எனக்கு என்ன சொல்வதென்று வரவில்லை.
"எந்தக் கை?" என்றேன்.
இடது தோளில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.
பின்னால் நின்ற இம்தியாஸ்
குடும்பத்தோடு போட்டால் குறைப்பார்களா என்று கேட்டான்.

அவளுக்கு நல்ல கை வலது.
எனக்கு இருக்கிற கையே வலதுதான்,
அதிலும் இன்னும் லேசாக வலி.
இரண்டு வலது கை ஒரு வாளிக்கு ஒத்துவராது.
பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம், இடித்தது.
கடைசியில் எதிரும் புதிருமாகத் திரும்பிக்கொண்டு
தூக்கினோம்.
அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால்,
படி வருது, சாக்கடை வருது என்று அவள் சொல்லச் சொல்ல.
கால்வாசித் தண்ணீர் சந்திலேயே போயிற்று.